கழுவாத துண்டு

1974 ஜூலையில், ஒரு செவ்வாய்க்கிழமை, பதினொன்றே காலுக்கு மின்சாரம் திரும்பி வந்தது.

பகவதிப்பெருமாள் காந்தத்துக்குப் போகும் மின்னோட்டத்தை மெல்ல ஏற்றினான். காந்தம் நிலைப்பட நேரம் ஆகும். அது அவனே செய்த காந்தம். செம்புக் குழாயை வளைத்துச் சுற்றி, குழாய்க்குள் தண்ணீர் ஓடவிட்டிருந்தான். அந்தக் குழாய், சாலை என்று பேர் பெற்ற கடைத்தெருவில் லிங்கம் கடையில் வாங்கியது. தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டால் அவனுக்கு மனது அடங்கும்.

"மைதீன் வந்தாச்சா அத்தான்?"

செண்பகவல்லி கதவருகில் நின்றாள். அவன் மனைவி. மாமன் மகள். அவன் படித்தது இயற்பியல், அவள் உயிர்வேதியியல். இரண்டு பேருக்கும் திருவனந்தபுரத்தில் ஒரே ஆராய்ச்சி நிலையத்தில் வேலை.

"வந்திருவான். மழைல்லா, பஸ் பிந்தியிருக்கும்."

மைதீன் பாதி நனைந்து வந்தான். ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் வேலைக்காரன். செவ்வாய்க்கிழமைகளில் பஸ் ஏறி, ஐஸ் போட்ட பிளாஸ்கைக் கொண்டுவருவான். பிளாஸ்கில் இரண்டு சிறிய புட்டிகள் இருக்கும். சிவப்பு மூடி போட்டதில் புற்று பிடித்த கன்னத்தின் துண்டு. பச்சை மூடி போட்டதில் அதே ஆளின் கன்னத்தில் நோய் எட்டாத ஓரத்துத் துண்டு.

"மேடம், இது பாறசாலைக்காரன். நாப்பது வருசம் புகையிலை போட்ட வாயாக்கும்" என்றான். வெற்றிலைச் சாறை வாசலுக்கு வெளியே துப்பிவிட்டு வந்தான்.

"நீரும் போடும். அடுத்த செவ்வாய்க்கிழமை உம்ம கன்னத்த நீரே கொண்டாரலாம்."

"அல்லா, அப்படிச் சொல்லாதீங்கோ மேடம்."

அவள் புட்டிகளை எடுத்துக்கொண்டு கழுவுதொட்டிப் பக்கம் போனாள். பகவதிப்பெருமாள் நாற்காலியைத் திருப்பிப் போட்டு ஆஸிலோஸ்கோப் திரையைப் பார்த்து உட்கார்ந்தான்.

இரண்டு பேரும் சைவ வீட்டில் வளர்ந்தவர்கள். முட்டை உடைத்தது கிடையாது. முதல் வாரம் செண்பகவல்லி புட்டியைத் திறந்துவிட்டுப் பின்கட்டுக்கு ஓடி வாந்தி எடுத்தாள். அடுத்த வாரமும் எடுத்தாள். மூன்றாவது வாரம் எடுக்கவில்லை. அவன் வாந்தி எடுக்கவில்லை. நாற்காலியைத் திருப்பிக்கொண்டான். அன்றிலிருந்து அவள் வெட்டுவதை அவன் பார்த்ததில்லை. கையை முதுகுக்குப் பின்னால் நீட்டுவான். அவள் துண்டு போட்ட கண்ணாடிக் குழாயை அதில் வைப்பாள்.

வைத்தாள். அவன் குழாயைக் காந்தத்தின் நடுவில் இறக்கினான்.

உடம்பின் சதை பெரும்பாலும் தண்ணீர். அந்தத் தண்ணீரின் அணுக்கருக்கள் காந்தத்துக்கு நடுவில் ஒரு பக்கமாகச் சேர்ந்து நிற்கும். ரேடியோ அலையால் தட்டினால் சாயும். பிறகு தாமாக நிமிரும். நிமிர எடுக்கும் நேரத்தை அளப்பதுதான் வேலை. புற்றுத் திசுவில் நேரம் கூடுதல். நல்ல திசுவில் குறைவு. சாயம் வேண்டாம், மைக்ராஸ்கோப் வேண்டாம், நேரம் மட்டும் போதும். அதுவரை வந்த எந்தக் கன்னத்திலும் அது பொய்க்கவில்லை.

அவன் குமிழைத் திருகினான். திரையில் சிக்னல் சிறுத்துக்கொண்டே வந்து மறைந்தது. அந்த இடத்தில் நிறுத்தி எண்ணைச் சொன்னான். அவள் ஒரு தாளில் கணக்குப் போட்டாள்.

"எண்பத்து நாலு" என்றாள். ஒரு விநாடியை நூறாகப் பிரித்தால் எண்பத்து நாலு பங்கு. "நல்லதுல அம்பதுதான் வரும். பாருங்க."

அப்போது திரை அணைந்தது. ப்யூஸ் போயிருந்தது. ப்யூஸ் பெட்டி கழுவுதொட்டிக்கு மேலே அலமாரியில் இருந்தது. அவன் எழுந்து திரும்பினான்.

செண்பகவல்லி சிவப்பு மூடிப் புட்டியிலிருந்து இன்னொரு துண்டை எடுத்திருந்தாள். மறுமுறை அளப்பதற்கு. அது இரத்தத்தில் ஊறிக் கறுத்திருந்தது. கண்ணாடித் தட்டிலிருந்த உப்புநீரில் அதை முக்கி அலசினாள். தண்ணீரை மாற்றினாள். மறுபடி அலசினாள். இரத்தம் போய்த் துண்டு வெளுத்தது. வடிதாளில் ஒற்றி எடுத்தாள். அதற்குப் பிறகுதான் விரலால் தொட்டாள்.

பச்சை மூடிப் புட்டியைத் திறந்தாள். நல்ல துண்டு வெளுப்பாகத்தான் இருந்தது. அதை அலசவில்லை. தாளில் ஒற்றிவிட்டு வெட்டினாள்.

அவன் ப்யூஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

அளப்பது தண்ணீரை. ஒரு துண்டைத் தண்ணீரில் முக்குகிறாள். மற்றதை முக்கவில்லை. நேரம் கூடியது புற்றாலா, அலசிய தண்ணீராலா?

அவள் வேண்டுமென்று செய்யவில்லை. அவளுக்குத் தோன்றியிருக்கவே இருக்காது. அலசினால்தான் அவளால் தொட முடிந்தது. ஒற்றினால் தண்ணீர் போய்விடும் என்று நினைத்திருப்பாள். அவன் ஒருநாள் திரும்பிப் பார்த்திருந்தால் முதல் மாதமே சொல்லியிருப்பான்.

"செண்பகம்" என்றான்.

"என்ன?"

கதவு திறந்தது. நிலையத்தின் தலைவர், மலையாளியான வாரியர் உள்ளே வந்தார். குடையை மடக்கினார்.

"செண்பகவல்லி, ஒரு நல்ல வார்த்தை. பம்பாயிலெ புரொபஸர் அக்டோபர்ல வருந்நு. நிங்ஙள்டெ வேலையைக் கேக்கணும்னு எழுதியிருக்கார். அவர்டெ லாபில ரெண்டு வருஷத்துக்கு ஒரு இடம் உண்டு. பேச்சு நல்லா இருந்தா அது நிங்ஙளுக்குத்தான்."

அவள் கையில் கத்தியோடு சிரித்தாள். பத்து வயதுப் பெண்ணைப் போல இருந்தது அந்தச் சிரிப்பு. அந்தச் சிரிப்பை அவன் பல வருடங்களாகப் பார்க்கவில்லை.

வாரியர் போகும்போது அவன் பக்கம் திரும்பினார். "பகவதி, மெஷின் ஓகேயல்லே?"

"ஓகே சார்."

வாரியர் போனார்.

"என்னமோ சொல்ல வந்திய" என்றாள் செண்பகவல்லி.

"ப்யூஸ் போயிட்டு."

*

வீடு சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால். கீழே ஒரு வற்றல் மிளகாய் மண்டி, மேலே அவர்கள். சுமை இறக்கும் நாட்களில் இரண்டு பேரும் தும்மிக்கொண்டே சாப்பிடுவார்கள்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு அந்தச் சாப்பாட்டு மேஜையில்தான் அவன் அந்தப் பேச்சை எடுத்தான். நூலகத்தில் ஓர் அமெரிக்கப் பத்திரிகை பார்த்திருந்தான். எலிகளில் யாரோ அளந்திருந்தார்கள்.

"கட்டி வந்த சதையில நேரம் கூடுதலா இருக்காம், கேட்டியா."

அவள் ரசக் கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். "மனுசன்ல பாத்தா என்ன?"

"மனுசன யாரு தருவா உனக்கு?" என்று அவன் சிரித்தான்.

மறு வாரம் அவள் ஆஸ்பத்திரிக்குப் போய் சர்ஜன் ஈப்பனைப் பார்த்தாள். வெட்டி எறிகிற சதையில் கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்டாள். எடுத்துக்கொள்ளச் சொன்னார். அவ்வளவுதான். கேட்கவேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

கட்டுரை எழுதும்போது அவள் கேட்டாள். "உங்க பேர எங்க போடட்டும் அத்தான்? முதல்லயா, ரெண்டாவதா?"

"எனக்கு எதுக்கு? நான் மெஷின் ஆளுல்லா."

இரண்டாம் முறை கேட்பாள் என்று நினைத்தான். அவள் கேட்கவில்லை. சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டாள். கட்டுரையில் செண்பகவல்லி, ஈப்பன் என்று இரண்டு பெயர்கள் இருந்தன. கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில் அவன் இருந்தான்.

பிறகு ஒரு மலையாளப் பத்திரிகையில் படம் வந்தது. செண்பகவல்லி காந்தத்தின் பக்கத்தில் நின்றாள். அவன் காந்தத்துக்குப் பின்னால் குமிழைப் பிடித்துக்கொண்டிருந்தான். படத்தில் அவன் கை மட்டும் வந்தது. லிங்கம் அதை வெட்டிக் கடைச் சுவரில் ஒட்டினான்.

"அண்ணாச்சி, மதினி படம் பாத்தியளா? நம்ம கடைக் குழாயும் தெரியுது பாருங்க. எவ்வளவு பளபளன்னு இருக்கு!"

"கை யாருதுன்னு தெரியுதா?"

லிங்கம் கிட்டப் போய்ப் பார்த்தான். "யாரோ ப்யூனாக்கும்."

சாலை வழியாகப் போகும்போதெல்லாம் பகவதிப்பெருமாள் அந்தக் கடைக்கு எதிர்ப்புறமாக நடந்தான்.

இப்போது அவளுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டான். அவள் பம்பாயைப் பற்றிப் பேசினாள். அங்கே மழை எப்படி, வாடகை எப்படி, அவனுக்கு அங்கே வேலை கிடைக்குமா. "உங்களையும் கூப்பிடச் சொல்லி நான் கேப்பேன் அத்தான்" என்றாள்.

கேட்பாளாம். அவனுக்காக.

சோற்றைப் பிசைந்தான். ஒரு வரி சொன்னால் போதும். நீ அலசுகிறாய், அது தப்பு. சொல்லியிருக்கலாம். அவள் இரண்டாம் சோறு போட்டாள். அவன் சாப்பிட்டான்.

பம்பாய்க்காரர் கெட்டிக்காரர் என்று கேள்விப்பட்டிருந்தான். கேட்கவேண்டியதைக் கேட்பார். கேட்கட்டும்.

*

அடுத்த செவ்வாய்க்கிழமை வேலை முடிந்ததும் செண்பகவல்லி ஆஸ்பத்திரிக்குப் போனாள். அடுத்து வெட்டப்போகிற நோயாளியைப் பற்றி ஈப்பனிடம் பேச. அது எல்லா வாரமும் நடப்பதுதான். பகவதிப்பெருமாள் அதே ஆளின் துண்டுகளைத் தனியாகவும் கொண்டுவரச் சொல்லி, மைதீனை மாடிப்படிக்குக் கீழே கூப்பிட்டிருந்தான். மைதீன் சட்டைப் பைக்குள்ளிருந்து இரண்டு புட்டிகளை எடுத்தான். துணியில் ஐஸைச் சுற்றி அதற்குள் வைத்திருந்தான்.

"சாரே, ஆளுகள் பெண்டாட்டிக்குத் தெரியாம சாராயம் வாங்கும். சாரு இறைச்சி வாங்குதீங்க."

"சத்தம் போடாத."

"சைவப் பிள்ளைமாரு இறைச்சி ஒளிச்சு வாங்குறத எனக்கு இப்பத்தான் காணக் கிடைச்சுது."

"மேடத்துகிட்ட சொல்லாண்டாம், கேட்டியா?"

"நான் எதுக்குச் சொல்லுதேன்? புருசன் பெண்டாட்டிக்க எடையில நான் வரமாட்டேன்." வெற்றிலையை மென்றபடி போனான்.

பகவதிப்பெருமாள் கதவைத் தாழிட்டான். பச்சை மூடியைத் திறந்தான். நாற்காலியைத் திருப்ப இப்போது வழி இல்லை. இடுக்கியால் துண்டை எடுத்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டினான். கத்தி வழுக்கியது. குழாயில் போடும்போது ஒரு துளி அவன் விரலில் பட்டது. விரலை வேட்டியில் துடைத்தான். மறுபடி துடைத்தான்.

நல்ல துண்டு, அலசாமல். ஐம்பத்தொன்று.

அதையே எடுத்து உப்புநீரில் இரண்டு தடவை அலசி, தாளில் ஒற்றி, மறுபடி அளந்தான். அறுபத்து மூன்று.

அவன் சிரித்தான். தனியாக இருந்த அறையில் சத்தமாகவே சிரித்தான். வெறும் தண்ணீர். இரண்டு வருடமாக அவள் அளந்தது தண்ணீரை. பத்திரிகைப் படம், பம்பாய், வாரியரின் குடை, எல்லாம் அந்தக் கண்ணாடித் தட்டில் இருந்த உப்புநீரின் மேல் நின்றது.

பிறகு சிவப்பு மூடியைத் திறந்தான். அலசவில்லை. இரத்தத்தோடு வெட்டிக் குழாயில் போட்டான். ஐம்பதுக்குப் பக்கத்தில் வரும் என்று கணக்குப் போட்டு, குமிழை அதற்கேற்ற இடத்தில் வைத்தான். சிக்னல் மறையவில்லை. திருகினான். அறுபதில் மறையவில்லை. எழுபதிலும் இல்லை.

எழுபத்தாறில் மறைந்தது.

குழாயை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தான். எழுபத்தாறு. காந்தத்தைச் சரிபார்த்தான். புதுத் துண்டு வெட்டினான். எழுபத்தேழு.

அவள் செய்த முறை தப்பு. அவள் கண்டது சரி. தண்ணீரைக் கழித்தாலும் வித்தியாசம் மிஞ்சி நின்றது.

குழாய்க்குள் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. அன்று அது அவனை அடக்கவில்லை.

ஒரு ஆளை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்று நினைத்துக்கொண்டான். அடுத்த செவ்வாய்க்கிழமையும் மைதீன் சட்டைப் பையில் கொண்டுவந்தான். அதற்கடுத்த வாரமும். ஒவ்வொரு முறையும் எண் சரிந்து விழும் என்று குமிழைக் கீழேயே வைத்துத் தொடங்கினான். ஒருமுறைகூட விழவில்லை. பிறகு விழவேண்டும் என்று நினைப்பதை விட்டுவிட்டான்.

வேறொன்று நினைக்கத் தொடங்கினான். பம்பாய்க்காரர் கேட்பார். அவளிடம் பதில் இருக்காது. பதில் அவனிடம் இருக்கும். அந்த அறையில் அவன் ஒருவனிடம்தான் இருக்கும்.

இந்த நினைப்பு அவனுக்குப் பிடித்திருந்தது. அதோடு நன்றாகத் தூங்கினான்.

சதை வெட்டப் பழகியும் விட்டான்.

*

அக்டோபரில் கூட்டத்துக்கு முந்திய நாள் சாயங்காலம், செண்பகவல்லி சாப்பாட்டு மேஜையின் முன்னால் நின்று பேச்சை ஒத்திகை பார்த்தாள். கரண்டியால் சுவரைக் காட்டிக் காட்டிப் பேசினாள். கீழே மண்டியில் சுமைக்காரர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். நடுவில் இரண்டு முறை தும்மினாள்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"நெசமாச் சொல்லுங்க. நீங்கதான அந்த மெஷினுக்க அப்பன். என்ன கேப்பாரு அவரு? எங்கயாச்சும் ஓட்டை இருக்கா?"

அவன் நிமிர்ந்தான். அவள் கரண்டியை இறக்கிவிட்டு அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வகுப்பில் பதில் சொல்லிவிட்டு ஆசிரியரைப் பார்ப்பதுபோல.

"ஒண்ணும் இல்ல."

"காந்தம் ஆடிச்சுன்னு கேப்பாரோ?"

"கேட்டா நான் பாத்துக்கிடுகேன்."

"நீங்க இருக்கியல்லா, அப்ப பயமில்ல" என்று சொல்லிவிட்டு அவள் சாதத்தை எடுக்கப் போனாள்.

*

கூட்டம் நிலையத்தின் மேல்மாடி அறையில் நடந்தது. முன்வரிசையில் வாரியர், பம்பாய்ப் பேராசிரியர், சர்ஜன் ஈப்பன். பகவதிப்பெருமாள் நான்காவது வரிசையில் ஓரத்தில் உட்கார்ந்தான். ஓரத்தில் உட்கார்ந்தால் எழுந்து போக எளிது.

செண்பகவல்லி கருநீலப் பட்டு உடுத்தியிருந்தாள். ஆங்கிலத்தில் நன்றாகப் பேசினாள். எங்கும் தடுக்கவில்லை. கரும்பலகையில் இரண்டு வரிசை எண்கள் எழுதினாள். இடது பக்கம் நல்லது, வலது பக்கம் நோய். ஒரு எண்கூட மற்ற வரிசைக்குள் போகவில்லை. வாரியர் பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்து ஏதோ சொல்லிச் சிரித்தார்.

பம்பாய்ப் பேராசிரியர் வயதானவர். கடைசிவரை எதுவும் கேட்கவில்லை. மற்றவர்கள் கேட்டு முடிந்ததும் கையை உயர்த்தினார். குரல் மென்மையாக இருந்தது.

"துண்டுகளை எப்படித் தயார் செய்தீர்கள்?"

"அலசி, வடிதாளில் ஒற்றி, வெட்டினோம்."

"எதில் அலசினீர்கள்?"

"உப்புநீரில்."

"இரண்டையுமா?"

செண்பகவல்லி பதில் சொல்ல வாயெடுத்தாள். கரும்பலகையைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்பதை அவன் அவள் தோள்களில் பார்த்தான்.

"இல்லை" என்றாள். "நோயுள்ளதை மட்டும். அதில் இரத்தம் இருக்கும்."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். வாரியர் தன் செருப்பைப் பார்த்தார்.

செண்பகவல்லி சாக்கட்டியைப் பிடித்தபடி நின்றாள். பிறகு அறையில் அவனைத் தேடினாள். நான்காவது வரிசையில் கண்டுபிடித்தாள்.

அவன் அந்தப் பார்வையைக் கொஞ்சம் நீடிக்கவிட்டான்.

பிறகு எழுந்தான்.

"அலசாமல் செய்து பார்த்திருக்கிறேன்" என்றான். "வித்தியாசம் கொஞ்சம் குறைகிறது. ஆனால் போகவில்லை."

எல்லோரும் திரும்பினார்கள். அவன் முன்னால் நடந்து போனான். செண்பகவல்லி கையிலிருந்த சாக்கட்டியை வாங்கினான். அவள் விரல் ஈரமாக இருந்தது. அவள் எழுதியதை அழிக்காமல், அதற்குக் கீழே இரண்டு வரிசை எண்களை எழுதினான். எல்லாம் மனப்பாடமாக இருந்தது. நல்ல திசுவை அலசினால் எவ்வளவு ஏறும் என்பதையும் எழுதினான். பேராசிரியர் கண்ணாடியை மாட்டினார். முன்னால் சாய்ந்தார். கேட்டார். அவன் சொன்னான். மறுபடி கேட்டார். சொன்னான்.

"இது முறையான வேலை" என்றார் பேராசிரியர். "இதைத்தான் முதலில் காட்டியிருக்கவேண்டும். உங்கள் பெயர் என்ன?"

"நம்ம பகவதி" என்று வாரியர் எழுந்து நின்று சொன்னார். "பகவதிப்பெருமாள். இந்த மெஷினே ஆளு செய்ததாக்கும்."

யாரோ கை தட்டினார்கள். பிறகு எல்லோரும் தட்டினார்கள். செண்பகவல்லியும் தட்டினாள். இரண்டு தட்டு தட்டிவிட்டு நிறுத்தினாள்.

தேநீர் குடிக்கும்போது எல்லோரும் அவனைச் சுற்றி நின்றார்கள். கட்டுரையைத் திருத்தி எழுதவேண்டும், அவன் பெயர் முதலில் வரவேண்டும் என்றார் வாரியர். பம்பாய் வருவதைப் பற்றிப் பேராசிரியர் அவனிடம் பேசினார். அவன் தலையாட்டிக்கொண்டே செண்பகவல்லியைத் தேடினான். அவள் ஜன்னலருகில் ஈப்பனோடு நின்றாள். அவர் ஏதோ ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் கேட்கவில்லை. கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் எழுதிய பகுதியை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். உதடு அசைந்தது. எண்ணிக்கொண்டிருந்தாள்.

*

தம்பானூரில் பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்தார்கள். தூறல் இருந்தது. ஒரே குடை. அவள் குடைக்குள் வந்தாள், ஆனால் அவன் கையைப் பிடிக்கவில்லை. பட்டுச் சேலையின் ஓரம் நனைந்தது. அவள் தூக்கிப் பிடிக்கவில்லை.

லிங்கம் கடைக்குள்ளிருந்து கூப்பிட்டான். "மதினி, மீட்டிங் எப்படி?"

"நல்லா நடந்துச்சு" என்றாள் செண்பகவல்லி. "அத்தான் பேசினாங்க."

"அண்ணாச்சியா? அப்ப அடுத்த படத்துல மொகம் வந்திரும்!"

பகவதிப்பெருமாள் சிரிக்கப் பார்த்தான். சுவரில் அந்தப் படம் இருந்தது. அவள் அதைப் பார்க்காமல் நடந்தாள்.

வீட்டில் அவள் சேலை மாற்றினாள். அடுப்பைப் பற்றவைத்தாள். அவன் மேஜையில் உட்கார்ந்தான். சொல்வதற்கு ஒன்றைத் தயார் செய்து வைத்திருந்தான். உன்னைக் காப்பாற்றத்தான் செய்தேன் என்று தொடங்கும் ஒன்று. பொய் என்றும் சொல்ல முடியாது. அவள் கேட்டால் சொல்லலாம் என்று இருந்தான்.

தட்டு வைத்தாள். சோறு போட்டாள். குழம்பு ஊற்றினாள். எதிரே உட்காரவில்லை. கரண்டியைப் பிடித்தபடி நின்றாள்.

"பலகையில நீங்க எழுதினதுல பதினோரு பேரு இருந்தாங்க" என்றாள்.

அவன் சோற்றில் கை வைத்தான்.

"ஈப்பன் டாக்டர் வாரத்துக்கு ஒரு கன்னந்தான் வெட்டுவாரு."

கீழே மண்டியில் யாரோ ஷட்டரை இழுத்துப் பூட்டினார்கள்.

"எனக்குத்தான் தொட முடியாம அலசினேன். நீங்க அலசாமத் தொட்டியளே, அதுவே எனக்கு ஆச்சரியம்." அவள் குரல் உயரவில்லை. "முதல் வாரம் சொல்லியிருந்தா எனக்கு வருத்தமா இருந்திருக்கும். ரெண்டாவது வாரம் சேந்து செஞ்சிருப்போம்."

அவன் தயார் செய்து வைத்திருந்ததைத் தேடினான்.

"பதினோரு வாரம் எனக்கு எதிர்ல உக்காந்து சாப்பிட்டிய. நேத்து நான் நேராவே கேட்டேன், அதுக்கப்புறமும் ரெண்டாஞ் சோறு வாங்கிச் சாப்பிட்டிய." குழம்புச் சட்டியை மேஜையில் வைத்தாள். "என்ன நெனச்சிக்கிட்டுச் சாப்பிட்டிய, அத்தான்?"